வடக்குக் கயிறும் தெற்குக் கயிறும்

கஸ்பார் கடற்கரையில் இருந்த சின்னச் சிலுவைக் கோயிலான குருசடிக்கு வந்தபோது பனி விலகவில்லை. கடல் எது, கரை எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. அலைச் சத்தம் மட்டும் எங்கேயோ தூரத்து வீட்டில் பேச்சுக் கேட்பது போலக் கேட்டது.

உபதேசியார் சந்தியாகு குருசடி வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தச் சின்ன ஊருக்குப் பங்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வதும், சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காருவதும் உபதேசியார்தான். முன்பு அவரும் கரைவலை இழுத்தவர். கஸ்பாரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

கஸ்பாருக்கு அறுபது முடிந்திருந்தது.

"உபதேசியாரே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே. கைக்குத்தான் வேலை இருக்கு. காது சும்மாதான் இருக்கு."

"கடவுள்கிட்ட எப்படிப் போறது?"

உபதேசியார் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார்.

"இப்ப எவ்வளவு தூரத்துல இருக்கீங்க?"

கஸ்பார் சிரிக்கவில்லை. அவரிடம் பதில் இருந்தது. மனைவி இறந்து நாலு மாதமாகிறது. அன்றிலிருந்து ஒரே கனவுதான். விடியும் நேரம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். எதிரே பனிக்குள் ஒரு வெளிச்சம், அகல் விளக்கு அளவு. நடக்கிறார். அது விலகிப் போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. விழித்துப் பார்த்தால் வாயெல்லாம் உப்புக் கரிக்கிறது.

"ஒரு இருபது, இருபத்தொரு அடி இருக்கும்," என்றார்.

"அப்ப பக்கந்தான்."

"பக்கந்தான். ஆனா போக முடியல. முழிச்சிருக்கும்போது செபம் பண்ணலாம்னு கண்ண மூடுனா ஒருத்தன் மூஞ்சி வந்து நிக்குது."

அது யார் என்று உபதேசியார் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கஸ்பார் கொல்லத்துப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தபோது அவருடைய தாயார் இறந்துபோனார். செய்தி கிடைத்து, மூன்று பஸ் மாறி, கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது மண் மேடு ஏறியிருந்தது. தம்பி தொம்மை மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பெற்றவள் குழியில் ஒரு பிடி மண் போடக் கஸ்பாருக்குக் கிடைக்கவில்லை. வாசலிலிருந்தே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு தம்பியோடு ஒரு வார்த்தை இல்லை. தொம்மை பெண் எடுத்து வடக்குத் தெருவில் குடியிருந்தார். கஸ்பார் வடக்குத் தெருவில் கால் வைப்பதை விட்டார். அவர் முன்னால் தம்பி பெயரை யாரும் எடுப்பதில்லை.

கோபம் தானாக ஆறிவிடும். மனத்தாங்கல் அப்படி இல்லை. அதன் மேல் உட்கார்ந்து, கோழி முட்டையைக் காப்பது போலச் சூடு ஆறாமல் காக்க வேண்டும். கஸ்பார் ஒரு நாளும் எழுந்திருக்கவில்லை.

உபதேசியார் மீன் கழுவிய தண்ணீரை மணலில் ஊற்றினார்.

"திருவிழாவுக்கு நாப்பது நாள் இருக்கு. தெனமும் விடியக்காலம் வந்து இந்தக் குருசடி விளக்குக்கு எண்ணெய் ஊத்துங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் கஸ்பார் ஒரு பாட்டிலில் எண்ணெயோடு வந்தார். விளக்கு நிறைந்திருந்தது. திரியின் கரி தட்டி, சுடர் நேராக நின்றது. உபதேசியார் ஊற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, தரையைப் பெருக்கிவிட்டுப் போனார்.

அடுத்த நாளும் விளக்கு நிறைந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் சீக்கிரம் வந்தார். அப்போதும் நிறைந்திருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. காலடி ஏதாவது இருந்தாலும் அலை ஏறி வந்து துடைத்திருந்தது.

பத்தாம் நாள் உபதேசியாரிடம் கேட்டார். "விளக்குக்கு நீங்களா ஊத்துறீங்க?"

"நான் ஊத்தல."

"பின்ன?"

"உங்களத்தான ஊத்தச் சொன்னேன்."

கஸ்பார் திரும்பிப் பார்த்தார். பனிக்குள் அந்தச் சுடர், கனவில் வரும் அதே அளவில், அதே மஞ்சளில் நின்றது. கையிலிருந்த பாட்டில் பத்து நாளாக ஒரு சொட்டுக் குறையவில்லை. முட்டி மணலில் பதிய அங்கேயே விழுந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய நடையே மாறிவிட்டது. தூக்கத்தில் நடப்பவர் போலத் தெருவில் போனார். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பினார். தண்ணீர்க் குழாயடியிலும் வள்ளத்து நிழலிலும் விளக்கின் சங்கதியைச் சொன்னார். கடவுள் ஒவ்வொரு நாளும் அந்தக் குருசடிக்கு வந்து போகிறார் என்றார். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். காய்ச்சல் பிள்ளைக்கு என்று இரண்டு பெண்கள் அந்த எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக்கொண்டு போனார்கள்.

மீன்காரி சலேத்து மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கஸ்பார் அண்ணன் பாட்டில் குறையாமல் இருப்பதில் என்ன அதிசயம், அவர் கையிலிருந்து எது எப்போது அடுத்தவருக்குக் கொடுத்துக் குறைந்திருக்கிறது என்று கேட்டாள்.

உபதேசியார் காதுக்கும் எல்லாம் வந்தது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கிட்டே வந்துவிட்டாரா என்று கஸ்பார் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்.

"இன்னும் நாள் இருக்கு அண்ணே."

திருவிழா அன்று காலையில் ஊர் முழுக்கக் கரையில் கூடியது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழா அன்றைக்கு இழுக்கும் முதல் வலை கோயிலுக்கு. அதில் விழும் மீனைக் குழம்பு வைத்து, பூசை முடிந்ததும் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் அன்றைக்கு இந்த அசன விருந்துக்கு ஆட்கள் வருவார்கள். வீட்டுக்கு ஒருவர் கயிற்றில் கை வைக்க வேண்டும்.

கரைவலை ஒரு கயிற்றில் வராது. வள்ளம் ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் கொடுத்துவிட்டு, கடலுக்குள் அரைவட்டம் போட்டு வலையை இறக்கி, தூரத்தில் வேறொரு இடத்தில் மற்றக் கயிற்றைக் கொண்டுவந்து கொடுக்கும். தெற்கில் ஒரு கூட்டம், வடக்கில் ஒரு கூட்டம். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் கரையோரமாக ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வர வேண்டும். அப்போதுதான் வலையின் வாய் மூடும், மீன் கடைசியில் இருக்கும் பைக்குள் போகும். அந்தப் பைக்கு மடி என்று பெயர். மடி வந்து ஏற வேண்டிய இடத்தில், திருவிழா அன்றைக்கு மட்டும், மணலில் ஒரு மரச்சிலுவையை நட்டுவைப்பார்கள்.

ஒவ்வொரு கயிற்றிலும் தண்ணீரோரமாக நிற்கும் முதல் ஆள்தான் கணக்கு. அவன் குதிகாலை எடுத்து வைத்தால் பின்னால் இருப்பவர்கள் நகர்வார்கள். அவன் நின்றால் எல்லாரும் நிற்பார்கள். தெற்குக் கயிற்றின் முதல் ஆள் பல வருடமாகக் கஸ்பார். வடக்கில் மிக்கேல் என்ற பெரியவர் இருந்தார். ஆடி மாதம் அவர் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வடக்குத் தெரு யாரைப் பிடித்திருக்கிறது என்று தெற்கில் யாரும் கஸ்பாரிடம் சொல்லவில்லை.

அன்றைக்குப் பனி கனமாக இறங்கியிருந்தது. வடக்குக் கூட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்கள் மூச்சும் பாட்டும் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்தன. கஸ்பார் சிலுவையையே பார்த்து இழுத்தார். அது பனியில் மிதப்பது போல இருந்தது. கயிறு கனத்தது. நல்ல கனம். ஒவ்வொரு கை இழுப்புக்கும் உள்ளுக்குள் ஒரு செபம் சொன்னார். குதிகாலைப் பெயர்த்து, சிலுவைப் பக்கமாக ஒரு எட்டு. மறுபடியும் ஒரு எட்டு. நாலு மாதக் கனவு கரைக்கு வருவது போல இருந்தது அவருக்கு.

அப்போது ஒரு காற்று வந்து பனி பிளந்தது.

சிலுவைக்கு அந்தப் பக்கம், வடக்குக் கயிற்றின் முதல் ஆளாக, தொம்மை நின்றார்.

கஸ்பாரின் குதிகால் மணலில் இறங்கியது. அதற்குமேல் எழும்பவில்லை.

பின்னாலிருந்து நகரச் சொன்னார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினாலும் அதே முகம்தான். இங்கிருந்தே இழுக்கலாம், என் கையில் பலம் குறையவில்லை என்றார். இழுத்தார். கயிறு தோலை உரிக்கும்வரை இழுத்தார். தண்ணீரில் சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. மூடாத வாய் வழியாக மடவை மீன்கள் துள்ளித் துள்ளிக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கையிலிருந்த கனம் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனது.

மடி கரைக்கு வந்தது. அதில் தின்ன உதவாத இரண்டு சொறிமீன், ஒரு கூடை பாசி, ஒரே ஒரு பேத்தை மீன். பேத்தை காற்றை அடைத்துக்கொண்டு பந்து போல உப்பிக் கிடந்தது.

யாரும் யாரையும் திட்டவில்லை. அடுப்புப் பக்கமிருந்து வந்த சலேத்து மடிக்குள் குனிந்து பார்த்தாள்.

"இன்னைக்கு இந்த ஊர்ல வயிறு நெறஞ்சது இவருக்கு மட்டுந்தான்," என்று பேத்தையைக் காட்டிவிட்டுப் போனாள்.

வள்ளம் இரண்டாவது தடவை வலையை ஏற்றிக்கொண்டு உள்ளே போனது. பூசைக்குச் சாமியார் வர இன்னும் நேரம் இருந்தது.

கஸ்பார் உபதேசியாரிடம் வந்தார். உள்ளங்கையில் இரத்தம் கசிந்திருந்தது.

"நான் சிலுவைய விட்டுக் கண்ண எடுக்கல உபதேசியாரே. அவர்கிட்ட நெருங்கணும்னுதான் ஒவ்வொரு எட்டும் வச்சேன். ஏன் என்னைத் தள்ளியே நிறுத்துறாரு?"

உபதேசியார் சிலுவையடியில் போய் நின்றார். ஒரு காலின் குதியை மறு காலின் விரலோடு ஒட்ட வைத்து, தெற்கே அடியடியாக அளந்து வந்தார். கஸ்பாரின் குதிகால் தோண்டிய குழிவரை வந்தார்.

"இருபத்தொண்ணு."

கஸ்பார் குழியைப் பார்த்தார். அதில் தண்ணீர் ஊறியிருந்தது.

உபதேசியார் சிலுவைக்குத் திரும்பிப் போய், வடக்கே அதே மாதிரி அளந்தார். வேண்டாமென்று நினைத்தும் கஸ்பாரின் வாய் கூடவே எண்ணியது. வடக்கே இன்னொரு ஜோடிக் குழி இருந்தது. அதிலும் தண்ணீர் ஊறியிருந்தது.

"இருபத்தொண்ணு," என்றார் உபதேசியார்.

"அவனும் நின்னுட்டானா?"

"மண்ணப் பாருங்க."

"நான் நின்னதுனால நின்னிருப்பான்."

"அவரும் அதைத்தான் சொல்றாரு."

கஸ்பாருக்குக் குரல் தடித்தது. "அவனும் நானும் ஒண்ணா? நாப்பது நாள் நான் விளக்குக் காத்தேன். கடவுளே வந்து எண்ணெய் ஊத்துன விளக்கு."

"அந்த விளக்குக்கு ஊத்துனது தொம்மை."

கஸ்பார் கடலைப் பார்த்தார். அலை உள்வாங்கும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகுமே, அப்படி இருந்தது.

உபதேசியார் அதே குரலில் சொன்னார். கஸ்பார் வந்து கேட்பதற்கு முந்திய நாள் தொம்மை வந்தாராம். அவருக்கும் செபத்தில் ஒரு முகம்தான் வந்து நிற்கிறதாம். அதே கேள்வி கேட்டாராம். அவருக்கும் அதே வேலையைத்தான் உபதேசியார் கொடுத்திருக்கிறார். முதல் நாள் அண்ணன் பாட்டிலோடு வருவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து கோழி கூப்பிடும்போதே வந்து ஊற்றிவிட்டுப் போக ஆரம்பித்தாராம்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த விளக்க ஊதி அணைச்சிருப்பேன்."

"அதான் சொல்லல."

"அப்ப அதிசயம்னு ஒண்ணும் நடக்கல."

"வள்ளம் திரும்புது அண்ணே," என்றார் உபதேசியார்.

கஸ்பார் வீட்டைப் பார்த்து நடந்தார். நாற்பது நாள் முட்டி போட்டது அவன் எண்ணெய்க்கு முன்னாலா என்ற நினைப்பு ஒவ்வொரு எட்டுக்கும் குத்தியது. தெற்குக் கயிறு கரைக்கு வந்துவிட்டது. பத்துப் பேர் அதில் கை வைத்து நின்றார்கள். முதல் ஆள் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. வழக்கப்படி அந்த இடத்தில் இன்னொருவர் நிற்கக் கூடாது. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை.

கயிற்றில் நின்ற சூசையப்பன் சாவகாசமாகச் சொன்னான். "போறதுன்னா போங்க மாமா. மீன் வரும்னு வச்ச புளித் தண்ணி பானையில கொதிச்சிக்கிட்டே கெடக்கு. போற வழியில அதை எறக்கி வைக்கச் சொல்லிட்டுப் போங்க."

கஸ்பார் நின்றார். பிறகு வந்து கயிற்றைப் பிடித்தார். மனதில் எதுவும் இளகவில்லை. இளகியதாகச் சொன்னால் அது பொய்.

இரண்டாவது இழுப்பின்போது வெயில் பனிக்குள் இறங்கியிருந்தது. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மணலும் தண்ணீரும் ஆட்களும் எல்லாம் ஒரே வெளிச்சமாக இருந்தது. கயிறு மறுபடியும் கனத்தது. தெற்கும் வடக்கும் நகர்ந்து நகர்ந்து வந்தன. கஸ்பார் தன் பழைய குழிக்கு வந்தார். குதிகால் தானாக அதில் போய் உட்கார்ந்தது. எதிரே பார்த்தார். தொம்மையும் தன் பழைய குழியில் நின்றார். தம்பிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

முதலில் யார் காலை எடுத்தார்கள் என்பதில் இன்றைக்கும் அந்த ஊரில் சண்டை உண்டு. தெற்குத் தெருக்காரர்கள் கஸ்பார்தான் என்பார்கள். வடக்கில் போய் அதைச் சொல்ல முடியாது.

இருபது. பதினாறு. பத்து. தண்ணீருக்குள் வலையின் இரண்டு கைகளும் ஒன்றுசேர, நடுவில் கடல் கொதிப்பது போலக் கொதித்தது. கடைசியில் இரண்டு கயிறும் பக்கத்துப் பக்கமாக வந்தன. அண்ணன் தோள் தம்பி தோளில் உரசியது. இருவரும் கடலையே பார்த்து இழுத்தார்கள்.

"ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம்ல," என்றார் கஸ்பார்.

தொம்மை இரண்டு கை இழுத்தபிறகு சொன்னார். "சாமியாருக்கு அடுத்த ஊர்ல இன்னொரு அடக்கம் இருந்துது."

இன்னும் இரண்டு கை.

"தலைமாட்டுல ஒரு பிடி மண்ணு போடாம விட்டு வச்சிருந்தேன். ஒனக்குன்னு. நீ வாசலோட திரும்பிட்ட."

கஸ்பாரின் கை நிற்கவில்லை.

"அப்புறம்?"

"மழை வந்து மூடிருச்சு."

அலை ஒன்று வந்து இருவர் முழங்காலையும் நனைத்துவிட்டுப் போனது. வெகுநேரம் கழித்துக் கஸ்பார் சொன்னார்.

"கயித்துல பிசிறு இருக்கு. கையப் பாத்துக்க."

"ம்."

மடி ஏறியது. மடவையும் காரலும் நெத்திலியுமாக வெள்ளி புரண்டு வந்து சிலுவையைச் சுற்றிக் கொட்டியது. சிலுவையின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். சலேத்து இரண்டு கூடை கொண்டுவந்தாள், ஒன்றும் பேசவில்லை. மீனை அள்ளி முடியும்வரை முதல் ஆட்கள் இருவரும் கயிற்றை விடக் கூடாது. அதனால் அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் ஒட்டி அப்படியே நின்றார்கள்.

உபதேசியார் மணலில் நடந்து பக்கத்தில் வந்தார்.

கஸ்பார் மெதுவாகச் சொன்னார். "உபதேசியாரே, எனக்கு ஒண்ணும் புதுசா தெரியல. மனசுல இருந்தது அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்."

"விளக்கும் போச்சு. கனவும் இனி வருமோ என்னமோ." கஸ்பார் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இப்ப நான் எவ்வளவு தூரத்துல இருக்கேன்? காலையில அளந்தீங்கள்ல, அதே மாதிரி அளந்து சொல்லுங்க."

உபதேசியார் குனிந்து மணலைப் பார்த்தார். நான்கு குதிகால்கள் ஒரே குழியில் இறங்கியிருந்தன.

"அளக்கத்தான் வந்தேன் அண்ணே," என்றார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் கால் வைக்க இடமில்ல."